ஒட்டியது எதனால்?

நேயர்களுக்கு வணக்கம். ரத்தப் பரிசோதனை அறிக்கையில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் டி செல்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி உருண்டைகள்தான். ஆனால் சில டி செல்கள் மற்ற செல்களை வேலைக்கு ஏவுபவை, சில கிருமி புகுந்த செல்லைக் கொல்பவை. எது எது என்று எப்படிப் பிரிப்பது? மேல் சவ்வில் இருக்கும் ஏற்பிப் புரதத்தை வைத்துத்தான். ஏவுகிற செல்லில் பெரும்பாலும் சிடி4 இருக்கும், கொல்கிற செல்லில் சிடி8.

ஆன்டிபாடி என்பது குறிப்பிட்ட ஒன்றைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் புரதம். சிடி4ஐ மட்டும் பிடிக்கிற ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தைக் கட்டிச் செல்களோடு கலக்கிறோம். லேசர் ஒளியின் முன்னால் ஒவ்வொன்றாக ஓடவிட்டால், ஒளிர்கிற செல்களைக் கருவி எண்ணிவிடும். ஒரே வகை ஆன்டிபாடியைச் சலிக்காமல் சுரக்கும் செல்லை உருவாக்கும் வழியை 1975இல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டீன் என்ற இரு விஞ்ஞானிகள் காட்டினார்கள். 1984இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறது என்பது ஒன்று, அந்தப் புரதம் அங்கே இருக்கிறது என்பது வேறொன்று.

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் எலியின் மண்ணீரல் செல்களில் சிடி4 ஆன்டிபாடியைப் போட்டேன். எதிர்பார்த்ததைவிட நிறைய செல்கள் ஒளிர்ந்தன. புதிதாக எதையோ பிடித்துவிட்டேன் என்று அன்றிரவு தூக்கமே வரவில்லை. மறுநாள் மூத்த ஆய்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சிடி4 மரபணுவே நீக்கப்பட்ட எலியின் செல்லில் போட்டுப் பார்த்தீர்களா?" போட்டேன். அதிலும் ஒரு கூட்டம் ஒளிர்ந்தது! புரதமே இல்லாத செல்லில் ஒளி எங்கிருந்து வந்தது?

ஆன்டிபாடியை, இரண்டு கையையும் மேலே விரித்து நிற்கும் ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள். புரதத்தைப் பிடிப்பது கைகள். ஆனால் கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் போன்ற செல்களில், ஆன்டிபாடியின் காலைப் பிடிப்பதற்கென்றே வேறு ஏற்பிகள் உண்டு. நான் பார்த்தது கால் மாட்டிக்கொண்ட ஆன்டிபாடிகளை. அந்த ஏற்பிகளை முன்கூட்டியே அடைத்துவிட்டு மறுபடி செய்தபோது, அந்த ஒளி ஏறக்குறைய மறைந்தது. நான்கு வார வேலையை மறுபடி செய்தேன். அன்றிலிருந்து, யார் படம் கொண்டுவந்தாலும் நானும் முதலில் அதே கேள்வியைத்தான் கேட்கிறேன்: புரதம் இல்லாத செல்லில் போட்டுப் பார்த்தீர்களா?

அதற்காக, மங்கலாக ஒளிர்வதெல்லாம் பொய் என்று தள்ளிவிடவும் கூடாது. மனித ரத்தத்தில் மோனோசைட்டுகள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களில் சிடி4 உண்மையாகவே கொஞ்சம் இருக்கிறது. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு செல் வேண்டும்.

அப்புறம், உயிருள்ள செல்லில் அருமையாக ஒட்டும் ஆன்டிபாடி ஃபார்மலினில் பதப்படுத்திய திசுவில் ஒட்டாமலே போகலாம். பதப்படுத்தும்போது அது பிடிக்க வேண்டிய இடம் உருமாறியோ மறைந்தோ போய்விடும். ஆகவே எதில் செய்கிறோமோ அதிலேயே சோதிக்க வேண்டும்.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். எச்.ஐ.வி. பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடிப்பதும் இதே சிடி4ஐத்தான். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சிடி4 உள்ள டி செல்கள் 200க்குக் கீழே போனால் எய்ட்ஸ் நிலை என்று மருத்துவர்கள் சொல்லும்போது, அந்த 200ஐ எண்ணித் தருவதும் பெரும்பாலும் இப்படி ஓர் ஆன்டிபாடிதான். வணக்கம்.