வலி நெஞ்சுக்கு ஏறும்போது

பெற்றோர்களே, செவிலியர்களே, வணக்கம்.

1952-இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் அரிவாள் வடிவச் செல்களைக் கண்டார்கள். இந்தியாவில் சிக்கில் செல் என்னும் இந்தப் பரம்பரை நோயின் முதல் பதிவுகளில் அதுவும் ஒன்று. எழுபது வருஷம் ஆன பிறகும் சிக்கில் செல் என்றால் கைகால் வலி, ரத்தசோகை என்றே பேசுகிறோம். உயிருக்கு உலை வைப்பது பல சமயம் நுரையீரல்தான், அப்புறம் இதயம்.

விலா வலி என்று ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம். ஊசி போட்டதும் வலி அடங்குகிறது, வீட்டாருக்கு நிம்மதி. இரண்டு மூன்று நாளில் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல். எக்ஸ்-ரேயில், சேர்த்த அன்று இல்லாத வெண்திட்டு. இதுதான் அக்யூட் செஸ்ட் சிண்ட்ரோம். காரணம் கிருமித் தொற்றாக இருக்கலாம். எலும்பு மஜ்ஜையிலிருந்து கொழுப்புத் துகள் பிரிந்து நுரையீரலை அடைத்திருக்கலாம். விலா வலிக்குப் பயந்து பிள்ளை மேலோட்டமாக மூச்சு விட்டதும் காரணமாகலாம். ஆக்சிஜன் குறையக் குறைய இன்னும் பல சிவப்பணுக்கள் அரிவாளாய் வளைந்து ரத்தக்குழாயை அடைத்துக்கொள்ளும். சில மணி நேரத்திலேயே நிலைமை கைமீறும்.

செவிலியர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: வலி குறைந்ததா என்று கேட்பதோடு மூச்சையும் எண்ணுங்கள். பந்துகள் மேலே எழும்ப மூச்சை இழுக்கும் அந்த பிளாஸ்டிக் கருவியைப் பகலில் இரண்டு மணிக்கொரு தடவை இழுக்க வையுங்கள். அது இந்த ஆபத்தைக் குறைக்கும். நிலைமை முற்றினால் ஆக்சிஜன், ஆன்டிபயாடிக், ரத்தம் ஏற்றுவது, கெட்ட ரத்தத்தை எடுத்து நல்ல ரத்தம் மாற்றுவது எல்லாம் தேவைப்படும்.

இதயம் மெதுவாகக் கெடுகிறது. சாதாரண சிவப்பணு 120 நாள் வாழும், அரிவாள் செல் 10 முதல் 20 நாளில் உடைந்துவிடும். உடைந்து சிந்தும் ஹீமோகுளோபின், ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடை உறிஞ்சிவிடுகிறது. நுரையீரல் குழாய்கள் இறுகி, வலப்பக்க இதயம் முட்டித் தள்ளியே களைத்துப்போகிறது. மேடு ஏறும்போது மூச்சு வாங்கினால் 'ரத்தம் கம்மி' என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஹைட்ராக்சியூரியா என்ற மருந்து அக்யூட் செஸ்ட் சிண்ட்ரோமை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கும் என்று 1995-இலேயே அமெரிக்க ஆய்வு காட்டிவிட்டது. 2023-இல் மத்திய அரசு தொடங்கிய சிக்கில் செல் ஒழிப்புத் திட்டத்தில் 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை என்றார்கள். நல்லது. சரி, நோய் இருப்பதாக அட்டை கொடுத்த பிறகு? ஹைட்ராக்சியூரியா மலை ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாதம் தவறாமல் கிடைக்க வேண்டும். அதைச் சாப்பிடுகிறவர்களின் ரத்த அணு எண்ணிக்கையையும் அங்கேயே பார்க்க வேண்டும். கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி நகரத்துக்குப் போ என்றால் எத்தனை தாய்மார்களால் முடியும்?