பிள்ளை பெயிலானா யார் பொறுப்பு? – ஒரு அம்மாவோட கேள்விக்கு விளக்கம்

வணக்கமுங்க. இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு மனசைப் போட்டு அரிச்சுட்டே இருக்கு. கேரளா எல்லையில, பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை பக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "சார், பையன் தமிழ் மீடியத்துல ஒன்பதாவது. கணக்குலயும் சயின்ஸ்லயும் பெயில். ஸ்கூல்ல கேட்டா வீட்ல நீங்க கவனிக்கலைங்கறாங்க. வீட்டுக்காரர் பையனுக்குப் பொறுப்பில்லைன்னு அடிக்கறாரு. நாங்க தோப்பு வேலைக்குப் போறவங்க. தப்பு யாரு மேல?"

அம்மணி, முதல்ல அந்த அடியை இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. அடி வாங்கற பையன் மார்க்கை ஒளிச்சு வைக்கத்தான் கத்துக்குவான்.

தப்பு உங்க மேல இல்லைங்க. ஆறுதலுக்காகச் சொல்லல, சட்டத்துலயே இருக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டம், எட்டாவது வரைக்கும் உள்ள படிப்புக்கு, 2010 ஏப்ரல் 1ல இருந்து நடைமுறையில இருக்கறது. அதுல 10வது பிரிவுதான் பெத்தவங்க கடமையைச் சொல்லுது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கணும். அவ்வளவுதான். வேலை முடிஞ்சு வந்து பின்னம் சொல்லிக் கொடுக்கணும்னு அதுல ஒரு வரி கிடையாது. 24வது பிரிவு வாத்தியாருக்கு. ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு கத்துக்கிட்டிருக்குன்னு பார்க்கணும், தேவைப்பட்டா கூடுதலா சொல்லிக் கொடுக்கணும், பெத்தவங்களைக் கூப்பிட்டுப் படிப்பு எப்படிப் போகுதுன்னு சொல்லணும். இது மூணும் பள்ளிக்கூடத்து வேலை.

இதைக் கேட்டுட்டு நேரா போயி அந்த டீச்சர்கிட்டச் சண்டைக்கு நின்னுடாதீங்க. பையன் ஹைஸ்கூலுக்கு வந்தப்பவே கோளாறும் அவன் கூடவே வந்திருக்கும். நம்ம வீடியோவைத் தொடர்ந்து பாக்கறவங்களுக்கு நான் அடுத்து என்ன சொல்வேன்னு தெரியும். எங்க விட்டுப்போச்சு? சொட்டுநீர் போட்ட தோப்புல கடைசித் தென்னைக்குத் தண்ணி வரலைன்னா அந்தத் தென்னையையா திட்டறோம்? மோட்டார்ல இருந்து குழாயைப் புடிச்சுக்கிட்டே நடந்து வர்றோம் இல்லீங்களா, எங்க அடைச்சிருக்குன்னு? பெயிலான பிள்ளைகிட்ட மட்டும் ஏன் அந்த நடை நடக்க மாட்டேங்கறோம்?

நான் வேலையில இருந்தப்ப ஒரு பொண்ணு, அதுவும் ஒன்பதாவதுதான். அல்ஜிப்ரா பூராத் தப்பு. மக்குன்னு எல்லாரும் முடிவு பண்ணியாச்சு. பேப்பரை வாங்கி வரி வரியா பார்த்தா ஸ்டெப் எல்லாம் சரியாத்தான் வருது, கழிக்கற இடத்துல உடையுது. 502ல 178 போச்சுன்னா எவ்வளவுன்னு கேட்டேன். 476ன்னு எழுதுச்சு. அஞ்சுல ஒண்ணு போனா நாலு, பூஜ்யத்துக்கும் ஏழுக்கும் ஏழு, ரெண்டுக்கும் எட்டுக்கும் ஆறு. எது பெரிசோ அதுல இருந்து சின்னதை எடுத்துப் போட்டுடுது. கடன் வாங்கத் தெரியல. சின்ன வகுப்புப் பாடம்ங்க அது! விசாரிச்சா, மூணாவது படிக்கறப்ப அப்பா அம்மா செங்கல் சூளை வேலைக்கு உடுமலைப் பக்கம் போயிட்டாங்க, இதுவும் கூடப் போயிருச்சு. திரும்பி வந்தப்ப நாலாவதுல உக்கார வச்சாச்சு. சூளையில கல் அடுக்கி எண்ணறதுல அந்தப் பொண்ணு கெட்டி. ஆயிரம் கல்லுக்கு இன்னும் எத்தனை வேணும்னா வாயாலேயே சொல்லும். பேப்பர்ல எழுதற முறையை மட்டும் யாரும் காட்டிக் கொடுக்கல. கொஞ்ச நாள் சாயங்காலம் உக்கார வச்சுச் சொல்லிக் கொடுத்தேன், புடிச்சுக்கிச்சு. நாலாவதுல இருந்து ஒன்பதாவது வரைக்கும் அந்த நோட்டு எத்தனை பேர் கையில போயிருக்கும், நினைச்சுப் பாருங்க.

"ஆல் பாஸ் போட்டதாலதான் கெட்டுது"ன்னு நிறையப் பேர் சொல்றாங்க. எனக்கு அது ஒத்துக்க முடியலைங்க. எட்டாவது வரைக்கும் நிறுத்தி வைக்காதேன்னு 16வது பிரிவு சொன்னப்பவே, குறையைக் கண்டுபிடிச்சுச் சொல்லிக் கொடுன்னு 24ம் சொல்லுச்சு. முன்னதைச் செய்யக் காசு வேண்டாம், செஞ்சாங்க. பின்னதுக்கு ஆளு வேணும், நேரம் வேணும், அதை விட்டுட்டாங்க. 2019ல சட்டத்தைத் திருத்தி அஞ்சாவது, எட்டாவதுல பரீட்சை வைக்கலாம்னாங்க. கேரளாவுல 2024-25ல இருந்து எட்டாவதுல எழுத்துப் பரீட்சையில பாடத்துக்கு 30 சதவீதம் எடுக்கணும், எடுக்காதவங்களுக்குத் தனி வகுப்பு, மறு பரீட்சை. தனி வகுப்பு வேணும்தான். ஆனா மூணாவதுல விட்டதை எட்டாவது முடியறப்ப ஏப்ரல் மாசத்துல கொஞ்ச நாள்ல புடிக்க முடியுமா?

இன்னொண்ணு, எல்லையில இருக்கற நாம கேட்டே ஆகணும். சயின்ஸ் எடுக்க வர்றவருக்குத் தமிழ் தெரியுமா? தாய்மொழியில சொல்லிக் கொடுக்கணும், முடிஞ்ச வரைக்கும்னு 29வது பிரிவு சொல்லுது. ஆரம்ப வகுப்புக்கு அரசியல் சட்டத்துலயே 350ஏ இருக்கு, 1956ல சேர்த்தது. வகுப்புல சொல்றதே புரியலைன்னா அது பையன் பொறுப்பும் இல்ல, உங்க பொறுப்பும் இல்ல. ஆளைப் போடற அரசாங்கத்தோட பொறுப்பு. பிடிஏ, அதாவது பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துல அதை எழுத்துல கொடுங்க, நகல் ஒண்ணு கையில வச்சுக்குங்க.

இப்ப நீங்க செய்ய வேண்டியது. இன்னைக்கு ராத்திரி பையனை 502ல 178 கழிக்கச் சொல்லுங்க. 324 வரணும். வரலைன்னா அந்தத் தாளை எடுத்துட்டுப் போயி, "டீச்சர், இந்த இடத்துல விட்டுப்போயிருக்கு, இதை மட்டும் சொல்லிக் கொடுங்க"ன்னு கேளுங்க. கணக்கு சரியா வந்துச்சுன்னா வகுத்தல், அப்புறம் பின்னம்னு ஒவ்வொண்ணா பாருங்க. என்ன ஆச்சுன்னு எனக்கு எழுதுங்க அம்மணி.

சரிங்க, அடுத்து ஸ்காலர்ஷிப் பத்தி ஒருத்தர் கேட்டிருக்காரு.