ஈஆர்பி ஓடுகிறது, ஆனால் பலன் கிடைத்ததா என்று எதை வைத்துச் சொல்வது?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். ஈஆர்பி பற்றியது, அதாவது கணக்கு, பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்துகிற சாஃப்ட்வேர். ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "நாங்கள் வாகன உதிரிபாகம் செய்கிற கம்பெனி. ஈஆர்பி கோ-லைவ் ஆகி, அதாவது நிஜ வேலைக்கு ஓடத் தொடங்கி, ஆறு மாதம் ஆகிறது. போட்டுக் கொடுத்தவர்கள் ப்ராஜெக்ட் சக்ஸஸ் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் எம்.டி. இவ்வளவு செலவு பண்ணினோமே, என்ன கிடைத்தது, கணக்காகக் காட்டு என்கிறார். எதைக் காட்டுவது?"

உங்கள் எம்.டி. கேட்டது ரொம்ப நியாயம். முதலில் அந்தக் கையெழுத்தை ஒதுக்கி வைத்துவிடுங்கள். பேசிய தேதிக்குள் சிஸ்டத்தை ஓட விட்டார்கள் என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. இங்கிலாந்தில் பர்மிங்காம் மாநகராட்சி 2022 ஏப்ரலில் பழைய எஸ்ஏபி சாஃப்ட்வேரை விட்டு ஆரக்கிள் கம்பெனியின் ஈஆர்பிக்கு மாறியது. கோ-லைவ் ஆகிவிட்டது, ஆனால் வங்கியில் வந்த பணத்தையும் புத்தகத்தில் உள்ள வரவையும் பொருத்திப் பார்க்கிற பகுதி சரியாக வேலை செய்யவில்லை, ஆட்களை உட்கார வைத்துக் கையால் சரிசெய்ய வேண்டியதாயிற்று. சாஃப்ட்வேரை உள்ளபடியே எடுத்துக்கொள்வோம் என்று ஆரம்பித்தவர்கள் பிறகு தங்கள் பழைய நடைமுறைக்காக அதை வளைத்ததுதான் இதற்குப் பெரிய காரணம். முதலில் சுமார் 2 கோடி பவுண்டு என்று போட்ட செலவு 10 கோடியைத் தாண்டியது. 2023 செப்டம்பரில் அந்த மாநகராட்சி இனி புதிய செலவு செய்ய முடியாது என்று சட்டப்படி அறிவித்ததற்கு, சம ஊதிய பாக்கியோடு இந்த ஆரக்கிள் செலவும் ஒரு காரணம்.

அதனால் சிஸ்டம் ஓடுகிறதா என்று கேட்காதீர்கள், நம் வேலை மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். டெலோன், மெக்லீன் என்று இரண்டு பேராசிரியர்கள் 1992ல் இதற்கு ஒரு மாடல் கொடுத்தார்கள், 2003ல் திருத்தினார்கள். சிஸ்டத்தின் தரம், அதிலிருந்து வரும் தகவலின் தரம், சப்போர்ட், பயன்பாடு, பயன்படுத்துபவரின் திருப்தி, கடைசியில் நிகர பலன் என்று போகும். நம்ம ஊர் கம்பெனிகளில் பெரும்பாலும் இந்தப் பயன்பாட்டிலேயே நின்றுவிடுகிறார்கள், அதாவது தினமும் எத்தனை பேர் லாகின் செய்தார்கள் என்று கிராஃப் போடுகிறார்கள். லாகின் செய்யாமல் பில் போட முடியாது என்றால் எல்லோரும் லாகின் செய்யத்தான் செய்வார்கள், அதில் என்ன தெரியும்?

நான் முதலில் பார்ப்பது ஸ்டோர்ஸ். காலையில் லாரி வருகிறது, லைனில் பொருள் இல்லை என்று அவசரம், சரக்கு நேராக உள்ளே போய்விடுகிறது, ஜிஆர்என் (சரக்கு வந்து சேர்ந்தது என்ற பதிவு) மட்டும் மறுநாள் மதியம் போடுகிறார்கள். நடுவில் ராத்திரி எம்ஆர்பி (எந்தப் பொருள் எவ்வளவு வாங்க வேண்டும் என்று சிஸ்டம் போடுகிற கணக்கு) ஓடும்போது சிஸ்டத்தில் அந்தப் பொருள் இல்லை, உடனே இன்னொரு பர்ச்சேஸ் ரிக்வஸ்ட் கிளம்புகிறது. பர்ச்சேஸில் இருப்பவர் இதை இரண்டு தடவை பார்த்தால் போதும், இதை நம்ப முடியாது என்று சொந்தமாக ஒரு எக்ஸல் வைத்துக்கொள்வார். அவர் மேல் தப்பே இல்லை. ஆனால் அன்றோடு உங்கள் ஈஆர்பி வெறும் டைப் அடிக்கிற இடமாகிவிடுகிறது. அதனால் கேட் என்ட்ரி நேரத்துக்கும் ஜிஆர்என் நேரத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று எடுங்கள், இரண்டும் பதிவில் இருக்கும். அப்புறம் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் ஐட்டத்தை எடுத்து, ரேக்கில் எண்ணியதும் சிஸ்டம் காட்டுவதும் ஒன்றா என்று பாருங்கள். இந்த இரண்டும் சரியில்லாமல் மேலே எவ்வளவு அழகான டேஷ்போர்டு வைத்தாலும் பிரயோஜனம் இல்லை.

அதோடு எல்லா டிபார்ட்மெண்டிலும் சிஸ்டத்துக்கு வெளியே ஓடுகிற எக்ஸல்களை எண்ணுங்கள். இதை யாரும் அளப்பதில்லை, என் கணக்கில் இதைவிட நேர்மையான அளவுகோல் கிடையாது. மாதக் கணக்கு முடிக்க எத்தனை நாள் ஆகிறது, முடித்த பிறகு எத்தனை ஜர்னல் (கணக்குத் திருத்தப் பதிவு) போட்டுத் திருத்துகிறீர்கள், சொன்ன தேதியில் எத்தனை ஆர்டர் டிஸ்பாட்ச் ஆகிறது, இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், போதும். முப்பது கேபிஐ (அளவுகோல்) வைத்தால் ஒன்றையும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

"முன்னாடி எப்படி இருந்தது என்று நாங்கள் எடுத்து வைக்கவில்லையே" என்பீர்கள். முக்கால்வாசிப் பேர் எடுத்து வைப்பதில்லை. பழைய டாலி கணக்கு சாஃப்ட்வேர் டேட்டாவில் வவுச்சர் தேதிகள் இருக்கும், டிஸ்பாட்ச் ரிஜிஸ்டர் இருக்கும், வருடக் கடைசியில் ஆடிட்டருக்காகச் சரக்கு எண்ணிய ரிப்போர்ட்டில் வித்தியாசம் எவ்வளவு என்று இருக்கும். அவற்றிலிருந்து போன வருடத்தின் அதே மாதங்களைத் திரும்ப எடுங்கள். அதே மாதங்கள் என்பது முக்கியம், ஏனென்றால் சீசனுக்குச் சீசன் ஆர்டர் மாறும். இன்னொன்று, கோ-லைவ் ஆன முதல் சில மாதங்களில் எந்தக் கம்பெனியிலும் வேலை கொஞ்சம் சரியத்தான் செய்யும். ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி 1999 ஜூலையில், ஹாலோவீன் பண்டிகை விற்பனைக்குச் சற்று முன்னால் புதிய சிஸ்டத்துக்கு மாறியது. கிடங்கில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டரை அனுப்ப முடியவில்லை. அதன் பிறகும் ஹெர்ஷி அந்தச் சிஸ்டத்தைச் சரிசெய்து ஓட்டியது. ஆகவே மூன்றாவது மாதத்திலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ஆறாவது மாதத்தில் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள், பலனைப் பன்னிரண்டாவது மாதத்தில் கணக்குப் பண்ணுங்கள்.

பணக் கணக்கில் ஒன்று கவனம். ஸ்டாக் 1 கோடி குறைந்தால் 1 கோடி லாபம் என்று எம்.டி.யிடம் காட்டாதீர்கள். அது முடங்கிக் கிடந்த பணம் ஒரு தடவை வெளியே வருவது, அவ்வளவுதான். வருடா வருடம் மிச்சமாவது அதற்கான வட்டி, 10 சதவீதம் என்றால் 10 லட்சம். கிடங்குச் செலவும் வீணாகிற சரக்கும் குறைந்திருந்தால் அதைத் தனியாகச் சேருங்கள். எதிர்ப்பக்கத்தில் லைசென்ஸ், ஏஎம்சி (வருடப் பராமரிப்புக் கட்டணம்), சேஞ்ச் ரிக்வஸ்ட்டுக்கு, அதாவது சாஃப்ட்வேரில் மாற்றம் கேட்டதற்குக் கட்டிய பணம், அதையும் மறைக்காமல் வையுங்கள்.

எக்ஸல் எண்ணப் போகும்போது யாரையும் திட்டிவிடாதீர்கள், திட்டினால் அடுத்த மாதம் ஒளித்து வைப்பார்கள், உங்கள் எண்ணிக்கை குறையும், வேலை மாறியிருக்காது. ஒவ்வொரு எக்ஸலுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து, இதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். எம்.டி.யிடம் அந்தப் பட்டியலையும் சேர்த்தே கொடுங்கள்.