சொந்த லாரியா, லீஸ் லாரியா? உட்லண்ட்ஸ் நேயரின் கேள்விக்கு விளக்கம்

நேயர்களுக்கு வணக்கம். இன்று ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு சற்று விரிவாகப் பேசலாம் என்று நினைக்கிறேன். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் வசிக்கும் அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "பல ஆண்டுகளாக ஒரு நிறுவனத்தில் லாரி ஓட்டுகிறேன். இப்போது சொந்தமாகத் தொழில் தொடங்க ஆசை. மளிகைப் பொருள்களை மொத்தமாக விற்கும் ஒருவர் ஓராண்டுக்கு வேலை தருவதாகச் சொல்கிறார். கையில் 35,000 வெள்ளி சேமிப்பு இருக்கிறது. 14 அடி லாரியை லீஸுக்கு எடுப்பதா, கடன் போட்டுச் சொந்தமாக வாங்குவதா? லீஸ் பணம் ஆற்றில் கரைத்த புளி என்று என் மைத்துனர் சொல்கிறார்."

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அண்ணே. உங்கள் நிலையில் நான் இருந்தால் முதல் ஆண்டு லீஸுக்குத்தான் எடுப்பேன். உங்கள் மைத்துனர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் அந்த நியாயம் நீண்ட காலம் தொழில் நிலைத்து நிற்கும் ஒருவருக்குத்தான் பொருந்தும். எப்படி என்பதைக் கணக்குப் போட்டே பார்ப்போம்.

சிங்கப்பூரில் லாரி வாங்குகிறோம் என்றால் இரும்பையும் இயந்திரத்தையும் மட்டும் வாங்குவதில்லை. பத்து ஆண்டு காலத்தையும் சேர்த்து வாங்குகிறோம். 1990ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய வாகன உரிமைச் சான்றிதழ் (சிஓஇ) முறைப்படி, வாகனத்தைப் பத்து ஆண்டு ஓட்டும் உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும்; சரக்கு வாகனங்கள் எல்லாம் அதில் 'சி' பிரிவில் வருகின்றன. அண்மை ஆண்டுகளில் அந்தப் பிரிவின் சிஓஇ கட்டணம் 60,000 வெள்ளிக்கு மேல் போயிருக்கிறது. லாரியின் விலையில் பாதிக்கு மேல் இந்தச் சான்றிதழாகவே இருக்கக்கூடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் லாரி ஓட்டுகிறவர்கள் 'வாங்குவதே சிறந்தது' என்று விளக்கும் காணொளிகளைப் பார்த்துவிட்டு அதே கணக்கை இங்கே போடக்கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான். அங்கே லாரி பழையதாகும். இங்கே லாரி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சான்றிதழின் காலம் தீர்ந்துகொண்டே வரும்.

இப்போது கணக்குக்கு வருவோம். எண்களைக் கணக்குக்காகத்தான் வைக்கிறேன். உங்களுக்குக் கிடைக்கும் விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இதே முறையில் நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும். புதிய லாரி, 70,000 வெள்ளி சிஓஇ உட்பட, மொத்தம் 120,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 30,000 கட்டுகிறீர்கள். மீதி 90,000 வெள்ளிக்கு ஏழு ஆண்டுக் கடன், வட்டி ஆண்டுக்கு 3 விழுக்காடு. இந்த 3 விழுக்காடு தட்டை வட்டி, அதாவது நீங்கள் எவ்வளவு திருப்பிக் கட்டியிருந்தாலும் கடைசி வரை 90,000க்கே வட்டி கணக்கிடுவார்கள். ஆகவே ஏழு ஆண்டு வட்டி 18,900 வெள்ளி, மாதத் தவணை ஏறத்தாழ 1,296 வெள்ளி. குறைந்துவரும் கடனுக்கு வட்டி போடும் முறையில் பார்த்தால் இது உண்மையில் ஐந்தரை விழுக்காட்டுக்கும் சற்று மேல். விற்பனையாளர் சொல்லும் சிறிய எண்ணை வீட்டுக் கடன் வட்டியோடு ஒப்பிட்டுவிடாதீர்கள்.

தவணையோடு காப்பீடு, சாலை வரி, சோதனைக் கட்டணம், டயர், எண்ணெய் மாற்றுவது, பழுது எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதம் 500 வெள்ளி என்று வைப்போம். அதே மாதிரி லாரி, இவை அனைத்தும் உள்ளடங்க, லீஸுக்கு மாதம் 2,100 வெள்ளிக்குக் கிடைக்கிறது என்று கொள்வோம். பத்து ஆண்டுகள் ஓட்டினால் சொந்த லாரிக்கு முன்பணம், தவணை, செலவு எல்லாம் சேர்த்து 198,900 வெள்ளி ஆகிறது. லீஸுக்கு 252,000 வெள்ளி. ஐம்பதாயிரம் வெள்ளிக்கு மேல் வித்தியாசம். உங்கள் மைத்துனர் பார்க்கும் கணக்கு இது, அதில் பிழை இல்லை.

ஆனால் இரண்டு ஆண்டில் தொழிலை நிறுத்த நேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா? அதற்குள் உங்கள் கையிலிருந்து ஏறத்தாழ 73,000 வெள்ளி போயிருக்கும். கடனை முன்கூட்டியே அடைக்கும்போது இங்கே பெரும்பாலும் '78 விதி' என்ற முறையில் வட்டியைக் கழிப்பார்கள். அந்த முறையில் தொடக்க மாதங்களிலேயே வட்டியின் பெரும்பகுதி வசூலாகிவிடும். அப்படிப் பார்த்தால் அப்போதும் நீங்கள் கட்ட வேண்டிய பாக்கி 68,000 வெள்ளி இருக்கும். லாரியின் பதிவை ரத்து செய்தால், பயன்படுத்தாத எட்டு ஆண்டுகளுக்கு உரிய சிஓஇ தொகையாக 56,000 வெள்ளி கழிவாகத் திரும்பக் கிடைக்கும். கார்களுக்குக் கிடைக்கும் பதிவுக் கட்டணக் கழிவு சரக்கு வாகனங்களுக்குக் கிடையாது. ஆகவே பாக்கிக்கும் கழிவுக்கும் இடையே உள்ள 12,000 வெள்ளியை லாரியின் உடலை விற்றுத்தான் ஈடுகட்ட வேண்டும். நல்ல விலைக்கு, 80,000 வெள்ளிக்கு, லாரியை அப்படியே விற்றாலும் கடனை அடைத்தபின் 12,000 வெள்ளிதான் மிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஆன நிகரச் செலவு 61,000 வெள்ளி. லீஸாக இருந்தால் 50,400 வெள்ளியோடு சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம்.

இதில் ஓர் ஆறுதலும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். கழிவுத் தொகை நீங்கள் கட்டிய சிஓஇ விலையை வைத்தே கணக்கிடப்படுகிறது. நாளைக்கு ஏலத்தில் விலை சரிந்தாலும் உங்கள் லாரியின் அடிமட்ட மதிப்பு அதோடு சரிந்துவிடாது. சந்தையில் விற்கும் விலைதான் இறங்கும்.

பணப் புழக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் புதிதாகத் தொடங்குகிறவர்களை லாரியின் விலையைவிட இதுதான் அதிகம் வீழ்த்துகிறது. மொத்த வியாபாரி உங்களுக்கு மாத முடிவில் கணக்கு எழுதச் சொல்லி, அதன் பிறகு முப்பது நாளோ அறுபது நாளோ கழித்துத்தான் பணம் தருவார். டீசலுக்கும் ஈஆர்பி எனும் மின்னணுச் சாலைக் கட்டணத்துக்கும் அப்படி யாரும் காத்திருக்க மாட்டார்கள். அன்றன்றே கொடுக்க வேண்டும். 35,000 வெள்ளியில் 30,000ஐ முன்பணமாகக் கட்டிவிட்டால், மீதி 5,000 வெள்ளியில் வீட்டையும் லாரியையும் முதல் காசோலை வரும் வரை ஓட்ட வேண்டும். அந்த நேரத்தில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலோ, வண்டி இரண்டு வாரம் பட்டறையில் நின்றாலோ தவணை நிற்காது. லீஸில் வைப்புத்தொகையும் முதல் மாத வாடகையும் போக, சேமிப்பின் பெரும்பகுதி உங்கள் கையிலேயே இருக்கும். முன்பணமே வேண்டாம், முழுக் கடனும் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அதில் மயங்கிவிடாதீர்கள். சிங்கப்பூர் நாணய ஆணையம் கார்க் கடனுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு வர்த்தக வாகனங்களுக்குக் கிடையாது என்பதால்தான் அப்படிச் சொல்ல முடிகிறது. கடன் பெரிதாகப் பெரிதாக, பாக்கிக்கும் கழிவுக்கும் இடையே நான் மேலே சொன்ன பள்ளமும் ஆழமாகும்.

இப்போது லீஸ் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். உங்களுக்கு உறுதியான வேலை ஓராண்டுக்குத்தான் என்றால் லீஸும் ஓராண்டுக்கு மேல் போகக்கூடாது. மூன்று ஆண்டுக்குக் கையெழுத்திட்டால் மாத வாடகை குறையும், ஆனால் இடையில் திருப்பிக் கொடுத்தால் மீதி மாதங்களின் வாடகையில் ஒரு பங்கையோ முழுவதையுமோ கேட்கும் விதி அதில் இருக்கலாம். அந்தப் பத்தியைத் தேடிப் பிடித்துப் படியுங்கள். பராமரிப்பு அடங்கும் என்று எழுதியிருந்தால் டயர், பேட்டரி, டெயில் கேட் (சரக்கை ஏற்றி இறக்கும் பின்பக்கத் தூக்குத் தட்டு) மூன்றும் அதில் அடங்குமா என்று தனித்தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மளிகை மூட்டைகளை நாள் முழுதும் ஏற்றி இறக்கும் வண்டியில் முதலில் மக்கர் செய்வது டெயில் கேட்தான். காலையில் கிடங்கு வாசலில், பின்னால் நான்கு லாரிகள் காத்திருக்க, தட்டு பாதி உயரத்தில் நின்றுபோய், பொத்தானை அழுத்த அழுத்த மோட்டார் மட்டும் முனகிக்கொண்டிருக்கும் நேரத்தில், மாற்று வண்டி எத்தனை மணி நேரத்தில் வரும் என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா இல்லையா என்பதுதான் அன்றைய வருமானத்தைத் தீர்மானிக்கும்.

காப்பீட்டையும் கவனியுங்கள். சொந்தச் சரக்கை ஏற்றுவதற்கான காப்பீடு வேறு, கூலிக்குப் பிறர் சரக்கை ஏற்றுவதற்கான காப்பீடு வேறு. நீங்கள் செய்யப்போவது இரண்டாவது வகை. ஏற்றியிருக்கும் பொருளுக்குத் தனிக் காப்பீடு வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். லீஸில் ஒரு குறை என்னவென்றால், நீங்கள் எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் இழப்பீடு கோராததற்கான தள்ளுபடி வண்டியின் உரிமையாளருக்கே போய்ச் சேரும். சொந்த வண்டியென்றால் மூன்று ஆண்டில் 20 விழுக்காடு வரை உங்களுக்கு அது சேர்ந்திருக்கும்.

இன்னொரு வகை ஏற்பாட்டைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. வேலை தருகிறவரே லாரியையும் தருவார்; மாதாமாதம் உங்கள் கூலியில் பிடித்துக்கொள்வார்; சில ஆண்டு கழித்து லாரி உங்களுக்கே என்பார். கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் அவர் வேலையைக் குறைத்துவிட்டால் உங்களால் தவணை கட்ட முடியாது, தவணை கட்ட முடியாவிட்டால் லாரி அவரிடமே போய்விடும், அதுவரை கட்டியதும் போய்விடும். அமெரிக்காவில் இத்தகைய திட்டங்களை ஆராய அரசாங்கம் அமைத்த குழு, ஓட்டுநர்களுக்கு ஏற்பட்ட பாதிப்பைப் பார்த்துவிட்டு, 2025 ஜனவரியில் இவற்றைத் தடை செய்யவே பரிந்துரைத்தது. லாரி நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவில் யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது என்று எடுத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சரக்கு வாகனத்தின் லீஸ் வாடகையைத் தொழில் செலவாகக் கழிக்கலாம். சொந்த லாரி என்றால் அதன் விலையை மூன்று ஆண்டில் மூலதனப் படியாக, அதாவது வரிக்குரிய வருமானத்திலிருந்து, கழிக்கலாம். முதல் ஆண்டில் பெரிய லாபம் இருக்காது என்பதால் வரியை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை. ஆனால் தொழிலின் நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்குக்குப் பணம் கட்டியாக வேண்டும்; அதை மாதச் செலவில் எழுதி வையுங்கள்.

எடையைப் பார்க்காமல் எந்த லாரியையும் எடுக்காதீர்கள். 14 அடி என்று ஒரே பெயரில் சொன்னாலும் எடை வண்டிக்கு வண்டி மாறும். வெற்று எடை 2,500 கிலோவைத் தாண்டினால் 4ஆம் வகுப்பு உரிமம் வேண்டும். முழுச் சுமையோடு அனுமதிக்கப்பட்ட எடை 5,000 கிலோவைத் தாண்டினால், கனரக வாகனத்துக்கான நிறுத்துமிடம் இருக்கிறது என்று சான்றிதழ் காட்டாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. வீட்டுக்குக் கீழே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்ப்பேட்டையில் நிறுத்திவிடலாம் என்ற நினைப்பும் நடக்காது. முழுச் சுமை எடை 3,501 முதல் 12,000 கிலோ வரை உள்ள லாரிகளுக்கு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். பழைய லாரி என்றால் அது பொருத்தப்பட்டிருக்கிறதா, செலவு யாருடையது என்று கேளுங்கள்.

இடையில் ஒரு விளக்கம், ஏனென்றால் வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் தம்பிகளும் இதைக் கேட்கிறார்கள். அந்தச் சீட்டில் இருப்பவர் குறிப்பிட்ட முதலாளியிடம் மட்டுமே வேலை செய்யலாம். சொந்தத் தொழிலாக லாரி ஓட்டவோ, நண்பருடைய லாரியை ஓய்வு நாளில் ஓட்டிக் கொடுக்கவோ சட்டம் அனுமதிக்காது. இன்று நான் சொல்வது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான்.

சரி, அண்ணே, ஓராண்டு முடிந்து வியாபாரி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நேராகப் புதிய லாரிக்குப் போக வேண்டாம் என்பதே என் கருத்து. சிஓஇ நான்கு அல்லது ஐந்து ஆண்டு மீதமிருக்கும் பழைய லாரியைத் தேடுங்கள். விலையிலிருந்து, அன்றைக்கு ரத்து செய்தால் கிடைக்கும் கழிவைக் கழித்துப் பார்த்தால், வண்டியின் உடலுக்கு என்ன விலை கேட்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். பார்க்கப் போகும்போது பின்தட்டில் போட்டிருக்கும் பிளைவுட் பலகையைத் தூக்கிக் கீழே துரு இருக்கிறதா என்று பாருங்கள். முன் டயரின் உட்புற ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் காரணம் கேளுங்கள். பத்து ஆண்டு முடிந்தபின் சிஓஇயைப் புதுப்பிக்க நினைத்தால், கடைசி மூன்று மாதச் சராசரி விலையைக் கட்டிப் பத்து ஆண்டுக்கோ, அதில் பாதியைக் கட்டி ஐந்து ஆண்டுக்கோ புதுப்பிக்கலாம். ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்தால் அதற்குமேல் நீட்டிக்க வழியில்லை. பத்து ஆண்டைத் தாண்டிய லாரிக்கு ஆண்டுக்கு ஒருமுறை இருந்த சோதனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆகிவிடும். சோதனைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஓடாத நாள் என்பதால் அதையும் செலவாகவே எழுத வேண்டும்.

அடுத்த வாரத்துக்குள் அந்த வியாபாரியிடம் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: ஒரு மாதத்துக்குக் குறைந்தபட்சம் எத்தனை நடை தருவார், கணக்கு எழுதிய எத்தனை நாளில் பணம் தருவார். அவற்றையும் லீஸ் நிறுவனம் தரும் விலைத்தாளையும் அனுப்பி வையுங்கள்; உங்கள் உண்மையான எண்களை வைத்து இதே கணக்கை அடுத்த பகுதியில் போட்டுக் காட்டுகிறேன்.