முற்றம் இருந்தது, கூட்டாளி இல்லை

வணக்கம் நேயர்களே. கிளிநொச்சிப் பக்கம் ஒரு கிராமத்து முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். இடம்பெயர்ந்து அலைந்த காலத்தைக் கழித்துப் பார்த்தால் பதினெட்டு வருடம் வரும். கொரோனாக் காலத்தில் பிள்ளைகளின் படிப்பு போனதைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். நான் அவர்களுடைய கால்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

முன்பள்ளியைத் திரும்பத் திறந்த முதல் கிழமை. எங்கள் வாசலில் ஒரேயொரு படிதான் உண்டு. நாலரை வயதுப் பையன் ஒருவன் அதில் ஏறுவதற்கு என் கையைத் தேடினான். நோய் நொடி ஒன்றும் இல்லை, நல்ல சுகமான பிள்ளை. ஒற்றைக் காலில் கெந்தச் சொன்னேன். ஒரு தடவை கெந்திவிட்டு நிலத்தில் இருந்துவிட்டான். அந்த வயதில் நாலைந்து தடவையாவது கெந்த வேண்டும். சரி, இவன் ஒருவன்தான் இப்படி என்று பார்த்தால், பழைய டயருக்குள் குதிக்கப் பயந்து அழுத பிள்ளைகள் இன்னும் சிலர்.

கணக்குப் பாருங்கள். 2020 மார்ச் 20 அன்று நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. 2021 மே 21 முதல் ஒரு மாதம் பயணத்தடை. ஆகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை மறுபடியும் ஊரடங்கு. இடையில் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தோம். 2016 கடைசியில் பிறந்த ஒரு பிள்ளைக்கு முன்பள்ளிக்கென்று கிடைத்த இரண்டு வருடமும் சரியாக இவைதான். 2022இல் அது நேரே முதலாம் ஆண்டுக்குப் போய்விட்டது.

“வன்னிப் பிள்ளைக்கு என்ன குறை, கொழும்பு மாடிவீடா? கால் ஏக்கர் வளவு இருக்கிறதே, ஓடித் திரிந்திருக்கும்தானே” என்று கேட்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். வீடு வீடாகப் போய்ப் பார்த்த பிறகுதான் விளங்கியது. வளவு இருந்தது, கிணற்றுக்குக் கட்டு இல்லை. பின்பக்கம் பற்றை, பாம்பு. அம்மா ஆடைத் தொழிற்சாலைக்கோ கூலிக்கோ போனால் பார்ப்பது அம்மம்மா. அவவுக்கு முழங்கால் வலி, ஓடுகிற பிள்ளையைத் துரத்த ஏலாது. படலையைக் கயிற்றால் கட்டிப் பிள்ளையைத் திண்ணையில் இருத்திவிடுவா. அவவைக் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. 2009இல் போர் முடிந்தபோது இடம்பெயர்ந்த சனத்தை அடைத்து வைத்திருந்த செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் பதினைந்து வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்கள்தான் 2020இல் எங்களிடம் வந்த அம்மாமார். “வெளியே போகாதீர்கள்” என்று ஒலிபெருக்கியில் கேட்டதும் அவர்களுக்குள் என்ன எழும்பியிருக்கும்? பிள்ளையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கப் பழகியவர்கள். நோய்ப் பயமும் வந்து சேர்ந்ததும் பிடி இன்னும் இறுகியது.

கூலி வேலையும் நின்றது. அரசாங்கம் கொடுத்த 5000 ரூபா எத்தனை நாளைக்குக் காணும்? வயிறு நிறையாத பிள்ளை ஓடாது, சும்மா இருக்கும். அதைப் பார்த்து “நல்ல அமைதியான பிள்ளை” என்று நாங்கள் சொல்லுவோம். அப்புறம் போன். அண்ணாவின் பாடத்துக்கென்று கடன்பட்டு வாங்கிய ஒரே போன், பாடம் முடிந்ததும் தம்பியின் கைக்குப் போனது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு இது: மூன்று, நான்கு வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு 180 நிமிடமாவது உடலை அசைக்க வேண்டும். அதில் 60 நிமிடம் மூச்சு வாங்குகிற மாதிரி ஓட்டம், பாய்ச்சல். திரை பார்ப்பது ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூடாது. மூன்று மணித்தியாலம் என்றதும் மலைக்க வேண்டாம். முன்பள்ளிக்கு நடந்து வருவது, அபிநயப் பாட்டு, மணல், ஊஞ்சல், திரும்ப நடப்பது, பின்னேரம் ஒளிச்சுப் பிடிச்சு. முந்தி இதெல்லாம் கேளாமலே நடந்தது. தொற்றுக் காலத்தில் 14 நாடுகளில் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்டுப் பார்த்தார்கள். அசைவு குறைந்து திரை நேரம் கூடியிருந்தது. வெளியே போக முடிந்த பிள்ளைகள் அவ்வளவாகப் பாதிக்கப்படவில்லை.

என் அனுபவத்தில் வெளி மட்டும் போதாது, கூட்டாளி வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை தனியே முற்றத்தில் எவ்வளவு நேரம் ஓடும்? ஒரு வீட்டில் மட்டும் சின்னவள் நன்றாகத் துள்ளினாள். ஒரே வேலிக்குள் சித்தியின் பிள்ளைகள் இரண்டு பேர். தென்னோலையில் ஒருவரை இருத்தி மற்றவர்கள் இழுப்பார்கள். அதற்குக் காசும் இல்லை, ரீச்சரும் தேவையில்லை.

ஊரடங்கு போய் வருடங்கள் ஆகிவிட்டன. போன் மட்டும் பிள்ளைகளின் கையை விட்டுப் போகவில்லை. அதனால் இப்போது எங்கள் முன்பள்ளியில் வெள்ளிக்கிழமைகளில் அம்மம்மாமாரை அரை மணித்தியாலம் மறித்து வைக்கிறோம். மர நிழலில் இருந்து பார்த்தால் போதும், துரத்த வேண்டாம். போன கிழமை ஒருவர் பாம்பு வந்தால் அடிப்பதற்கென்று தடியும் கொண்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் அந்தத் தடியை வாங்கி நிலத்தில் வைத்து, அதைத் தாண்டிப் பாயத் தொடங்கிவிட்டார்கள்.