பெட்டி இப்போது யாரிடம் இருக்கிறது?

வன்னி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கதிரியக்கப் பொருட்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "இங்கே என்ன அணு உலையா இருக்கிறது?" என்று கேட்பீர்கள். அணு உலை இலங்கையிலேயே இல்லை. ஆனால் பழைய இரும்பு வியாபாரம் இங்கே இருக்கிறது. 2009க்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது அந்த வியாபாரத்தால்தான். அந்தப் பழைய இரும்போடு கதிரியக்கப் பொருளும் கலந்து வந்துவிடலாம், அதனால்தான் இந்தப் பேச்சு.

ஒரு பயத்தை முதலில் போக்கிவிடுகிறேன். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே கருவியில் மின்சாரத்தை நிறுத்தினால் கதிர்வீச்சும் நின்றுவிடும். கோபால்ட்-60, சீசியம்-137 போன்ற கதிரியக்கப் பொருட்களுக்கு அப்படி ஒரு சுவிட்ச் கிடையாது. புற்றுநோய் சிகிச்சைக்கும், மருத்துவப் பொருட்களில் கிருமி நீக்குவதற்கும், வீதி போடும்போது மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கிற சில கருவிகளிலும் இவை பயன்படுகின்றன. ஈயக் கவசத்துக்குள் இருக்கும்வரை நல்ல வேலைக்காரர்கள்.

சரி, இவற்றை வைத்திருப்பவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? நம் நாட்டில் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் இரண்டு அமைப்புகளை உருவாக்கியது. ஒன்று அணுத் தொழில்நுட்பத்தை வளர்க்கிற சபை, மற்றது அதை ஒழுங்குபடுத்துகிற பேரவை. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இரண்டு வேலையையும் ஒரே அதிகார சபைதான் செய்தது. என்னைக் கேட்டால் அந்தச் சட்டத்தில் மிகப் பெரிய விஷயம் இந்தப் பிரிப்புத்தான். வளர்க்கிறவரே குற்றமும் பார்ப்பதென்றால் குற்றம் கண்ணில் படாது.

அனுமதிப்பத்திரம் கேட்டு வருபவரிடம் முதல் கேள்வி, இது உனக்கு உண்மையில் தேவைதானா என்பது. அடுத்தது உடலில் படுகிற கதிர்வீச்சின் அளவு, அதை மில்லிசீவேட் என்ற அலகில் சொல்வார்கள். தொழிலாளிக்கு ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவேட், பொதுமக்களுக்கு 1 மில்லிசீவேட் என்பது உலகம் ஏற்றுக்கொண்ட எல்லை. பொருளின் வீரியத்தையும் பார்ப்பார்கள். சர்வதேச அணுசக்தி முகவர் நிலையம் மூலங்களை, அதாவது இப்படிக் கதிர்வீச்சை வெளிவிடுகிற பொருட்களை, ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறது. முதலாம் வகை மூலம் ஒன்று கவசமில்லாமல் பக்கத்தில் இருந்தால், சில நிமிடங்களிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் உயிருக்கே ஆபத்தாகலாம். ஐந்தாம் வகைக்கும் அதற்கும் ஒரே கெடுபிடி வைப்பதில் அர்த்தமில்லை.

பிறகு பரிசோதகர் நேரில் வருவார். வந்தவர் பெரிய இயந்திரங்களைப் பார்த்து அசந்து நிற்கமாட்டார். பதிவேட்டைக் கேட்பார். எத்தனை மூலம், என்ன இலக்கம், திறப்பு யாரிடம், கடைசியாக எப்போது எண்ணிப் பார்த்தீர்கள்? கதிர்வீச்சை அளக்கிற அளவுமானி சரிபார்க்கப்பட்டதா? பொறுப்பான ஆள் லீவில் போனால் அடுத்தவர் யார்? கேட்பதற்கு அலுப்பான கேள்விகள்தான்.

இங்கிலாந்தின் சுற்றாடல் முகவர் நிலையம் அனுமதி நிபந்தனை மீறல்களை நான்கு தரமாகப் பிரிக்கிறது. முதலாம் தரம்தான் ஆகப் பாரதூரமானது. அதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. என்ன கேடு நடந்தது என்று மட்டும் அவர்கள் பார்ப்பதில்லை, நியாயமாக யோசித்தால் என்ன நடந்திருக்கக்கூடும் என்றும் பார்க்கிறார்கள். "ஒன்றும் நடக்கவில்லையே ஐயா" என்ற பதில் அங்கே எடுபடாது.

ஏன் எடுபடக்கூடாது என்பதற்கு பிரேசிலின் கோயானியா நகரம் சாட்சி. அங்கே ஒரு தனியார் சிகிச்சை நிலையம் இடம் மாறியபோது சீசியம்-137 இருந்த கருவியைப் பழைய கட்டடத்திலேயே விட்டுவிட்டுப் போனது. அறிவிக்கவேண்டும் என்று அனுமதி நிபந்தனை இருந்தும் அதிகாரிகளுக்கு அறிவிக்கவில்லை. 1987 செப்ரெம்பரில் இரண்டு பேர் அதைப் பழைய இரும்பென்று கழற்றி எடுத்தார்கள். அது இரும்புக் கடைக்குப் போனது. உள்ளே இருந்த தூள் இருட்டில் நீலமாக ஒளிர்ந்ததால் உறவினருக்கும் அயலவருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள், அதில் ஒன்று ஆறு வயதுப் பெண்பிள்ளை. ஒரு இலட்சத்துக்கும் அதிகமானவர்களைப் பரிசோதிக்கவேண்டி வந்தது. எல்லாவற்றுக்கும் தொடக்கம் எழுதப்படாத ஒரு கடிதம்.

தூரதேசக் கதை என்று விடவேண்டாம். 2010இல் டில்லியின் மாயாபுரி இரும்புச் சந்தையிலும் இதேதான் நடந்தது. பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றில் 1985 முதல் சும்மா கிடந்த கோபால்ட்-60 கருவியை ஏலத்தில் விற்றுவிட்டார்கள். கோபால்ட்-60இன் வீரியம் ஐந்தேகால் வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும். கணக்குப் போட்டால் அந்த இருபத்தைந்து வருடத்தில் இருபத்தேழில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். அந்த மிச்சம் ஒரு தொழிலாளியின் உயிரை எடுத்தது.

ஆகவே ஒருவர் பொருளை எப்படிப் பாவிக்கிறார் என்பதை விட, பாவித்து முடிந்தபின் என்ன செய்வார் என்பதையே நான் பெரிதாக எடுப்பேன். கடை பூட்டினால், கொம்பனி நொடித்தால் அந்தப் பெட்டியை யார் பொறுப்பேற்பார், செலவு யாருடையது? வீரியம் கூடிய மூலங்களை வைத்திருப்பவர்கள் அகற்றும் செலவுக்கான ஏற்பாட்டை முன்கூட்டியே காட்டவேண்டும் என்று இங்கிலாந்தில் சட்டமே இருக்கிறது.

நமக்கு இன்னொரு இடைவெளி இருக்கிறது. கொழும்புத் துறைமுகத்தில் கொள்கலன்களைச் சோதிக்கும் கதிர்வீச்சு உணரிகள் உண்டு. ஆனால் கிளிநொச்சியில் ஏற்றிய லொறி அங்கே போய்ச் சேர முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடவேண்டும். அதற்குள் எத்தனை கைகள் அதை ஏற்றி இறக்கும்? அனுமதி பெற்றவரின் கதவைத் தட்டுகிற பரிசோதகர், வருடத்தில் ஒருமுறையாவது நம் இரும்புக் கடைகளுக்கும் ஒரு சிறிய அளவுமானியோடு வரவேண்டும். பிரதேச சபைகள் இதைக் கேட்டு எழுதலாம்.

மண்டையோட்டுப் பலகையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை, மிதிவெடி அதைக் கற்பித்துவிட்டது. மஞ்சள் பின்னணியில் நடுப்புள்ளியைச் சுற்றி மூன்று இதழ் போட்ட கதிரியக்கக் குறியைத்தான் பலருக்குத் தெரியாது. 2007இல் வந்த சிவப்பு முக்கோணக் குறியில் அந்த இதழ்களிலிருந்து கதிர்கள் பாயும், கீழே மண்டையோடும் ஓடுகிற மனிதனும் இருக்கும். அளவுக்கு மீறிப் பாரமான சிறிய உலோகப் பெட்டியில் இவற்றில் எதைக் கண்டாலும் வெட்டவோ உடைக்கவோ வேண்டாம். கையால் தொடாமல் தள்ளிப் போங்கள், மற்றவர்களையும் கிட்ட விடாதீர்கள். பொலிஸுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. கிராம சேவையாளரிடம் சொன்னாலும் சரி. ஏற்கெனவே யாராவது தொட்டிருந்தால் அவர்களின் பெயரையும் மறக்காமல் சொல்லுங்கள்.

வணக்கம்.