அஞ்சு மணிக்கு மேல போர்ட் லூயிஸ்ல யாரு இருக்கா?

எல்லாருக்கும் வணக்கம். மொரீஷியஸ்னா நமக்கு கடற்கரையும் தேன்நிலவும்தான் ஞாபகத்துக்கு வரும், நான் அதப் பத்தி பேச வரல, அந்தத் தீவோட தலைநகர் போர்ட் லூயிஸ் பத்திப் பேசத்தான் வந்திருக்கேன்.

பகல் முழுக்க நெரிசல், பேங்க், கோர்ட்டு, மார்க்கெட், ஹார்ன் சத்தம். சாயங்காலம் அஞ்சு ஆச்சுன்னா பஸ் பிடிச்சு எல்லாரும் மேட்டுப் பக்கம் ஏறிப் போயிடுறாங்க, ஏழு மணிக்கு நடு ஊர்ல டீ குடிக்கக் கூட கடை தேடணும். ஒரு தலைநகர் ஏன் இப்படி ராத்திரி காலியாகுதுங்கிற கேள்விதான் என்னை இந்த ஊரோட வரலாற்றுக்குள்ள இழுத்துட்டுப் போச்சு.

முதல்ல டச்சுக்காரங்க வந்தாங்க, தென்கிழக்குப் பக்கம் இருக்கிற துறைமுகத்துலதான் முக்கியமா தங்குனாங்க, 1710-ல விட்டுட்டுப் போயிட்டாங்க. 1715-ல பிரெஞ்சுக்காரங்க கைக்கு வந்துச்சு. தென்கிழக்குத் துறைமுகத்துல என்ன கஷ்டம்னா, வருஷத்துல பெரும்பாலும் காத்து அந்தத் திசையிலிருந்தே அடிக்கும், பாய்மரக் கப்பல் சுலபமா உள்ள வந்துடும், வெளிய போகத்தான் படாத பாடு. வடமேற்குல, அதாவது இந்த போர்ட் லூயிஸ் பக்கம், மலை மறைவா இருக்கு, காத்து கப்பலைக் கடலுக்குள்ள தள்ளி விடும். அதனால 1735-ல கவர்னரா வந்த லா பூர்தொனே இங்கதான் தலைநகர்னு முடிவு பண்ணி கப்பல் பட்டறை, ஆஸ்பத்திரி, தண்ணிக் கால்வாய்னு கட்ட ஆரம்பிச்சார். இன்னைக்கும் துறைமுகத்தைப் பார்த்தபடி பனை மரங்களுக்கு நடுவுல அவர் சிலை நிக்குது.

ஆனா கட்டுன கை யாரோடது? மடகாஸ்கர்லயிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் பிடிச்சுட்டு வந்த அடிமைகளோடது, பாண்டிச்சேரிப் பக்கமிருந்து போன நம்ம கொத்தனார், தச்சர், கொல்லரோடது. நம்ம ஆளுங்களுக்கு ஊரோட கிழக்குப் பக்கம் இடம் ஒதுக்குனாங்க, அதுக்கு மலபார் கேம்ப்னு பேரு, தமிழனைத்தான் அப்ப மலபார்னு சொல்லிட்டு இருந்தாங்க. கரும்பு வெட்டப் போறதுக்கு நூறு வருஷம் முன்னாடியே கரணையோட போனவன் தமிழன், இது நம்மள்ல நிறைய பேருக்குத் தெரியாது.

1810 டிசம்பர்ல இங்கிலீஷ்காரங்க பிடிச்சாங்க, 1816-ல பெரிய தீ விபத்து, ஊர்ல பாதிக்கிட்ட போச்சு. 1835-ல அடிமை முறை ஒழிஞ்சுச்சு. ஆனா அதுக்கு முந்தின வருஷம் நவம்பர் 2-ஆம் தேதியே கல்கத்தாவுலேர்ந்து அட்லஸ் கப்பல் கரும்புத் தோட்ட வேலைக்கு 36 பேரைக் கொண்டு வந்து இறக்கிடுச்சு, அஞ்சு வருஷ ஒப்பந்தம், மாசம் அஞ்சு ரூபா. அப்புறம் மெட்ராஸ்லேர்ந்தும் பம்பாய்லேர்ந்தும் கப்பல் கப்பலா ஆளுங்க வந்தாங்க. எல்லாரும் துறைமுகத்து ஓரமா இருந்த குடியேற்றக் கூடத்து வழியாத்தான் உள்ள வரணும், பேர், அப்பா பேர், ஊர், ஜாதி, உயரம், உடம்புல இருக்கிற தழும்பு வரைக்கும் எழுதிட்டு ஒரு நம்பர் குடுத்து தோட்டத்துக்கு அனுப்புவாங்க. அந்தக் கருங்கல் படி இன்னும் இருக்கு, அப்ரவாசி காட்னு 2006-லேர்ந்து உலகப் பாரம்பரியச் சின்னம். ஒட்டியே பஸ் ஸ்டாண்டு, அதுக்குப் பேரே இமிக்ரேஷன் ஸ்கொயர்தான்.

இப்ப அந்தக் கேள்விக்கு வரேன். 1866-லேர்ந்து மலேரியா காய்ச்சல் பரவுச்சு, 1867-ல மட்டும் தீவுல 30,000 பேருக்கு மேல செத்துப் போனாங்க, கொய்னா மருந்து கிடைக்கல. அதுக்கு ரெண்டு மூணு வருஷம் முன்னாடிதான் ரயில் விட்டிருந்தாங்க. காசு இருந்தவங்க ரயிலேறி க்யூர்பிப், ரோஸ் ஹில்னு குளுகுளுன்னு இருக்கிற மேட்டு ஊருக்குக் குடிபோனாங்க, போனவங்க வேலைக்கு மட்டும் கீழ வந்தாங்க, அந்தப் பழக்கம்தான் 150 வருஷம் தாண்டியும் ஓடுது. மேல போக வழியில்லாதவங்க, மூட்டை தூக்குறவங்க, பெட்டிக்கடை வெச்சவங்க, இங்கயே இருந்து செத்தாங்க, பொழைச்சாங்க. என்னைக் கேட்டா, இந்த ஊரோட வரலாறுங்கிறது இங்கயே தங்கிட்டவங்க வரலாறுதான்.

மார்க்கெட்டுக்குப் போனேன், ஒரு அம்மா கீரைக்கட்டைக் காட்டி "ப்ரேத் மூரூம்"னாங்க, பார்த்தா முருங்கைக்கீரை! பக்கத்துல "பிபங்காய்", நம்ம பீர்க்கங்காய். அந்தம்மாவுக்குத் தமிழ் ஒரு வார்த்தை வராது, ஆனா காய்கறிப் பேர்ல உக்காந்திருக்கு, எனக்கு அங்கேயே தொண்டை அடைச்சிடுச்சு.

அன்னைக்கு சாயங்காலம் ஊர் காலியானப்புறம் நிக்கோலே ரோட்டுல இருக்கிற சொக்கலிங்கம் மீனாட்சியம்மன் கோயிலுக்கு நடந்தே போனேன். உள்ள விளக்கு எரியுது, ஒரு பெரியவர் ஆங்கில எழுத்துல அச்சடிச்ச தேவாரத்தைப் பார்த்துப் பாடிட்டு இருந்தார். முடிச்சுட்டு நான் எங்கேர்ந்து வரேன்னு கேட்டார், சொன்னேன், உடனே பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து அவரோட கொள்ளுத்தாத்தா குடியேற்றச் சீட்டு நகலைக் காட்டுனார். ஜில்லா தஞ்சாவூர், தெளிவா இருக்கு. தாலுகா மாயவரம், அதுவும் சரி. கிராமம் மட்டும் அந்தக் காலத்து கிளார்க் காதுல விழுந்தபடி எழுதியிருக்கான், எத்தனை தடவை படிச்சாலும் எனக்குப் பிடிபடல. இது எந்த ஊருன்னு அவர் கேட்டார், தெரியலைங்கய்யான்னுதான் சொல்ல முடிஞ்சுது.

அந்த எழுத்தை அப்படியே இந்த நோட்டுல வரைஞ்சு கொண்டு வந்திருக்கேன். மாயவரம் பக்கத்துக்காரங்க, பழைய கிராமக் கணக்கு பார்த்தவங்க யாராவது இங்க இருந்தா கூட்டம் முடிஞ்சதும் ஒரு நிமிஷம் மேடைக்கிட்ட வாங்க, பார்த்துச் சொல்லுங்க. நான் அவருக்குப் பதில் எழுதணும்.